மாட்டு ரத்தத்திலிருந்து அனாபிளாஸ்மாவின் முழு ஜீனோமை எடுப்பது எப்படி

உண்ணிக் காய்ச்சல் வந்த மாட்டின் ரத்தம் கையில் இருக்கிறது, அதை அப்படியே சீக்வென்சிங்குக்கு (டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் வேலைக்கு) அனுப்பிவிடலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: தாராளமாக அனுப்பலாம், மாட்டின் ஜீனோம் (மொத்த டிஎன்ஏ) அழகாக வந்து சேரும்.

இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் அனாபிளாஸ்மா மார்ஜினாலே, மாட்டின் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. அதைத் தட்டில் வளர்க்க முடியாது, உயிருள்ள செல் வேண்டும். அதன் ஜீனோம் மொத்தமே சுமார் 12 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து), மாட்டினுடையதோ 270 கோடி. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த செயின்ட் மேரிஸ் என்ற ஸ்ட்ரெயினின் (பாக்டீரியா ரகத்தின்) முழு ஜீனோம் 2005இல் வெளியானபோது அளவு 11,97,687 பேஸ், புரதத்துக்கான ஜீன்கள் 949. அன்று பிஏசி நூலகம் கட்டி (டிஎன்ஏவைப் பெரிய துண்டுகளாக்கி வேறு பாக்டீரியாவில் சேமித்து), துண்டு துண்டாக சாங்கர் என்ற பழைய முறையில் படித்தார்கள். இன்று கைக்கு அடங்கும் மினியான் என்ற சீக்வென்சிங் மெஷினில் ஒரே ஓட்டத்தில் முடியும். ஆனால் ரத்தம் பிடிக்கும் குழாயில் கோட்டை விட்டால் எந்த மெஷினும் காப்பாற்றாது. அதனால் இந்தக் குறிப்பில் பாதி ரத்தத்தைப் பற்றியே இருக்கும். கம்ப்யூட்டர் வேலைதான் வேண்டும் என்பவர்கள் கீழே போய்ப் படித்துக்கொள்ளுங்கள், மறுபடி மேலேதான் வருவீர்கள்.

எந்த மாட்டிடம் எடுப்பது

கடும் காய்ச்சலில் இருக்கும், இன்னும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் போடாத மாடு வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம், ஏனென்றால் கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் எடுப்பதே அந்த ஊசியைத்தான், அதில் தப்பும் இல்லை. அதனால் உங்கள் பகுதி டாக்டரிடம் முன்கூட்டியே பேசி, மருந்துக்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் எடுத்துத் தரச் சொல்லி வையுங்கள். ரத்தம் எடுப்பதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடும் பேச்சே கூடாது.

கன்றுகளுக்கு இந்த நோய் லேசாக வந்து போய்விடும். இரண்டு வயது தாண்டிய மாட்டைத்தான் படுக்கப் போடும், அதிலும் நம் ஊரில் கலப்பின ஜெர்சி என்றால் கேட்கவே வேண்டாம். ஈறும் கண் இமையின் உட்புறமும் வெளுத்து, பிறகு மஞ்சளாகும், சாணி இறுகும், மூத்திரம் மட்டும் சிவக்காது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பபேசியா என்ற இன்னொரு ரத்த ஒட்டுண்ணியைச் சந்தேகப்படுங்கள். இரண்டும் சேர்ந்தே வருவதும் சாதாரணம், ஏனென்றால் இரண்டையும் பரப்புவது ஒரே மாட்டு உண்ணிதான்.

மாட்டின் பக்கத்திலேயே மெல்லிய ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு) போட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பாருங்கள். சிவப்பணுவின் விளிம்பை ஒட்டி, ஒரு மைக்ரானுக்கும் குறைவாக, அடர்ந்த ஊதா நிறத்தில் உருண்டைப் புள்ளி இருக்கும். சாயத் துகளும் அப்படியே தெரியும், அதனால் ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பாருங்கள்: சாயத் துகள் வேறு மட்டத்தில் மினுங்கும், அனாபிளாஸ்மா அணுவோடு சேர்ந்தே தெளிந்து சேர்ந்தே மங்கும். ஆயிரம் சிவப்பணுவை எண்ணி எத்தனையில் புள்ளி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கணக்கு முழுக்க இந்த எண்ணில்தான் நிற்கிறது. நோயிலிருந்து தேறி, சுகமாக மேய்ந்துகொண்டிருக்கும் மாடும் ஆயுள் முழுக்க பாக்டீரியாவைச் சுமக்கும், ஆனால் அளவு மிகக் குறைவு. பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனையில்) பாசிட்டிவ் வந்தது என்பதற்காக அந்த ரத்தத்தை ஜீனோமுக்கு எடுக்காதீர்கள்.

ரத்தம் எடுப்பது கழுத்து நரம்பில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ போட்ட குழாயில். ஹெபாரின் போட்டது வேண்டாம், பின்னால் பிசிஆரைக் கெடுக்கும். ஒரு மாட்டுக்கு ஒரு ஊசி, இதில் சமரசமே கிடையாது: உண்ணி இல்லாமலே, ஊசியில் ஒட்டிய ரத்தம் வழியாகவும் கொம்பு சுடும், காயடிக்கும் கருவிகள் வழியாகவும் இந்த நோய் அடுத்த மாட்டுக்குப் போகும். ஆராய்ச்சிக்கென்று தனியாக ரத்தம் எடுப்பதாக இருந்தால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முன்பே கையில் இருக்க வேண்டும்.

கணக்கு

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 60 லட்சம் சிவப்பணு, 8,000 வெள்ளையணு என்று வைத்துக்கொள்வோம். ஸ்மியரில் 1 சதவீத அணுக்களில் புள்ளி தெரிகிறது என்றால் 60,000 சிவப்பணு. ஒரு புள்ளிக்குள் நாலிலிருந்து எட்டு பாக்டீரியா இருக்கும், ஆறு என்று எடுத்தால் 3,60,000. தலைக்கு 12 லட்சம் பேஸ், ஆக மொத்தம் 43,200 கோடி பேஸ். மாட்டின் பக்கம் பாருங்கள்: சிவப்பணுவில் உட்கரு இல்லை, அதனால் டிஎன்ஏ எல்லாம் வெள்ளையணுவில்தான், ஒவ்வொன்றிலும் இரண்டு செட் சேர்த்து 540 கோடி பேஸ், 8,000 வெள்ளையணுவுக்கு 43,20,000 கோடி. அதாவது குழாயில் இருக்கும் டிஎன்ஏவில் நூற்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. பாக்டீரியா ஜீனோமை 50 மடங்கு ஆழத்தில் படிக்க 6 கோடி பேஸ் போதும், ஆனால் இந்த நிலையில் அதற்கு 600 கோடி பேஸ் ஓட்ட வேண்டும், காசெல்லாம் மாட்டுக்கே போகும். வெள்ளையணுவை நூறு மடங்கு குறைத்துவிட்டால் பாதிக்குப் பாதி ஆகிவிடும், 12 கோடி பேஸில் வேலை முடியும்.

ஸ்மியரில் 30 சதவீதம் தெரியும் மாடு கிடைத்தால் இதையெல்லாம் தளர்த்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட மாட்டைத் தேடுவதும் ஒரு வேலைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய காலத்தில் மண்ணீரல் நீக்கிய கன்றுக்கு நோயை ஏற்றி இந்த அளவைக் கொண்டுவருவார்கள். ஒரு ஜீனோமுக்காக இன்று அதைச் செய்ய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உண்ணியின் செல் வரிசையில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் செல்களில்) வளர்ப்பது இன்னொரு வழி, ஐடிஇ8 என்ற வரிசை இதற்குப் பேர்போனது. அது ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வகத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் அதை நிலைநிறுத்தவே மாதக்கணக்கில் போகும், மேலும் மாட்டு டிஎன்ஏ போய் உண்ணி டிஎன்ஏ வந்து உட்காரும்.

வெள்ளையணுவை விரட்டுவது

எடுத்த ரத்தத்தை உறையவைக்காதீர்கள். உறைந்து உருகினால் எல்லா செல்லும் உடைந்து எல்லா டிஎன்ஏவும் கலந்துவிடும், அப்புறம் பிரிக்க வழியே இல்லை. ஐஸ் பெட்டியில், ஐஸ் நேரடியாகக் குழாயில் படாமல், 4 டிகிரிவாக்கில் கொண்டுவந்து அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். கிராமத்தில் காலையில் எடுத்த ரத்தம் ராத்திரி பஸ்ஸில் வருகிறது என்றால், அங்கேயே ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் இடத்தில் முதல் சுற்றை முடித்துவிட்டு அனுப்பச் சொல்வது நல்லது.

மெதுவான வேகத்தில் சுற்றினால் மேலே பிளாஸ்மா, நடுவில் வெள்ளையணு நிற்கும் மெல்லிய வெள்ளைப் படலம், அடியில் சிவப்பு. பிளாஸ்மாவையும் படலத்தையும் பிப்பெட்டால் எடுத்துவிடுங்கள். மாட்டு ரத்தத்தில் ஒரு சங்கதி உண்டு: நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் படலத்தில் மட்டும் நிற்காமல் சிவப்பின் மேல்பகுதிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் படலத்தோடு கீழே உள்ள சிவப்பிலும் கொஞ்சத்தைத் தயங்காமல் தூக்கி எறியுங்கள். மனசு வராது, ஆனாலும் எறியுங்கள். பிறகு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊற்றி மெதுவாகக் கலந்து, மறுபடி சுற்றி, மறுபடி மேல்பகுதியை எடுங்கள். மூன்று முறையாவது வேண்டும்.

இதோடு நிறுத்தினால் பத்து மடங்கு குறையலாம், நூறு மடங்கு குறையாது. அடுத்தது வடிகட்டல். மலேரியா ஆட்கள் பல காலமாகச் செய்வதுதான்: சிரிஞ்சில் செல்லுலோஸ் தூள் அடைத்து பிபிஎஸ்ஸால் நனைத்து, கழுவிய சிவப்பணுவை அதன் வழியாகத் தானாக வடியவிடுவது, வெள்ளையணு மாட்டிக்கொள்ளும், சிவப்பணு இறங்கிவிடும். பிஸ்டனை வைத்து அழுத்தாதீர்கள். மாட்டு ரத்தத்தில் நியூட்ரோஃபிலைவிட லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வெள்ளையணு அதிகம், லிம்ஃபோசைட்தான் வடிகட்டியில் நழுவும் ரகம், அதனால் மனித ரத்தத்துக்கு ஒரு முறை போதும் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் இரண்டு முறை விடுங்கள். வடிந்து வந்ததில் ஒரு துளியை ஸ்மியர் போட்டு, வெள்ளையணு எத்தனை தென்படுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த படி.

இப்போது கிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் பல ரத்த டிஎன்ஏ கிட்டுகள் வெள்ளையணுவின் டிஎன்ஏவுக்காகச் செய்யப்பட்டவை. முதல் படியே சிவப்பணுவை உடைத்து, மெதுவாகச் சுற்றி, மேலே நிற்கும் சிவப்புத் தண்ணீரைக் கொட்டு என்றுதான் இருக்கும். உங்கள் பாக்டீரியாவில் பெரும்பங்கு இருப்பது அந்தச் சிவப்புத் தண்ணீரில்தான். குறிப்பேட்டில் உள்ளபடி செய்தால் ஜீனோமை சிங்க்கில் ஊற்றிவிட்டு மாட்டு டிஎன்ஏவைப் பத்திரமாக வைத்துக்கொள்வீர்கள். அம்மோனியம் குளோரைடு கரைசலில் சிவப்பணுவை உடைத்த பிறகு உயர் வேகத்தில் சுற்றி, அடியில் சேரும் சிறிய வில்லையை எடுக்க வேண்டும். அதைக் கழுவி ஹீமோகுளோபின் நிறம் போன பிறகு எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரிப் பொருள்), புரோட்டினேஸ் கே (புரதத்தைக் கரைக்கும் நொதி) போட்டு உடைத்தால் போதும், செல்சுவரை உடைக்கும் லைசோசைம் தேவைப்படாது. நீளத் துண்டு வேண்டும் என்பதால் வோர்டெக்ஸ் (குலுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள், அகல முனை டிப்பில் மெதுவாக எடுங்கள்.

டிஎன்ஏ கிடைத்ததும் கியூபிட் கருவியில் அளவு பாருங்கள், நானோடிராப் கருவியில் சுத்தம் பாருங்கள். அளவு குறைவாக வந்தால் கவலைப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். வெள்ளையணு போனதன் அடையாளம் அது. ஆனால் எது போனது என்று தெரிய வேண்டுமே, அதற்கு கியூபிசிஆர் (டிஎன்ஏவின் அளவைக் காட்டும் பிசிஆர்): எம்எஸ்பி5 என்ற ஜீன் பாக்டீரியாவில் ஒரே பிரதிதான், மாட்டுக்கு பீட்டா ஆக்டின் ஜீன். கழுவுவதற்கு முன் எடுத்துவைத்த ரத்தத்திலும் கடைசி டிஎன்ஏவிலும் இரண்டையும் ஓட்டி, இரண்டின் சிடி மதிப்புக்கும் (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்றின் எண்) உள்ள இடைவெளி எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 6.6 அளவு நகர்ந்தால் நூறு மடங்கு. 3க்குக் கீழே என்றால் லைப்ரரி (மெஷினுக்கு ஏற்ற டிஎன்ஏ தயாரிப்பு) போடாமல் வடிகட்டலுக்குத் திரும்புங்கள். அதற்கும் ரத்தம் மிச்சமில்லையா, மெத்தில் ஏறிய மாட்டு டிஎன்ஏவைப் பிடித்து இழுக்கும் மணிகள் கொண்ட கிட் ஒன்று இருக்கிறது, விலை அதிகம், கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதே டிஎன்ஏவில் எம்எஸ்பி1ஏ ஜீனுக்கு ஒரு சாதாரண பிசிஆரும் ஓட்டிவிடுங்கள். இந்த ஜீனில் 28, 29 அமினோ அமிலத் துண்டுகள் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும், எத்தனை முறை, எந்த வரிசையில் என்பது ஸ்ட்ரெயினுக்கு ஸ்ட்ரெயின் மாறும், ஒரு நோய்க்காலத்துக்குள் மாறாது. ஜெல்லில் ஒரே பட்டை வந்தால் நல்லது. இரண்டு பட்டை வந்தால் மாட்டுக்குள் இரண்டு ஸ்ட்ரெயின் இருக்கிறது, உண்ணி மொய்க்கும் இடங்களில் இது நடக்கும். முதல் ஜீனோமுக்கு அந்த மாட்டை விட்டுவிடுங்கள்.

மெஷினில்

நீள ரீட் (மெஷின் ஒரே மூச்சில் படிக்கும் துண்டு) கட்டாயம், ஏன் என்பது கீழே வரும். மினியானில் நானோபோர் ஆர்10.4.1 ஃப்ளோசெல் (படிக்கும் சில்லு), லைகேஷன் கிட் என்று போங்கள். குட்டித் துண்டுகளை முன்னரே கழித்துவிட்டால் 10,000 பேஸ் தாண்டிய ரீட்கள் போதுமான அளவு வரும். கூடவே கொஞ்சம் இல்லுமினா (குட்டி, ஆனால் துல்லியமான ரீட்) கிடைத்தால் ஒரே எழுத்து தொடர்ந்து வரும் இடங்களில் திருத்த உதவும்.

அடாப்டிவ் சாம்ப்ளிங் (படிக்கும்போதே வேண்டாத துண்டைத் தள்ளும் வசதி) பயன்படுத்துவதானால் மாட்டு ஜீனோமைக் கொடுத்து அதைத் தள்ளு என்று சொல்லுங்கள், செயின்ட் மேரிஸைக் கொடுத்து அதை மட்டும் எடு என்று சொல்லாதீர்கள். இரண்டாவது வழியில், உங்கள் ஸ்ட்ரெயினில் மட்டும் இருக்கும் புதுத் துண்டுகளை மெஷின் வெளியே துப்பிவிடும், ஆராய்ச்சியின் சுவாரசியமே அதுதான்.

ரீட்கள் வந்ததும் மினிமேப்2 என்ற மென்பொருள் கொண்டு மாட்டு ரீட்களை வடிகட்டுங்கள். ஒப்பிடுவதற்குப் பலரும் எடுப்பது ஏஆர்எஸ்-யூசிடி1.2, அது டாமினெட் என்ற ஹெர்ஃபோர்ட் பசுவின் ஜீனோம். பசு என்பதால் ஒய் குரோமோசோம் கிடையாது, ஹெர்ஃபோர்ட் என்பதால் திமில் மாட்டு ரத்தமும் கிடையாது. நம் ஊர்க் காளையின் ரீட்களை அதோடு மட்டும் ஒப்பிட்டால் ஒரு பங்கு ஒட்டாமல் மிஞ்சி பாக்டீரியாவோடு கலந்து வரும். பிராமன் என்ற திமில் மாட்டின் ஜீனோமையும் ஒரு ஒய் குரோமோசோமையும் சேர்த்துக் கொடுங்கள்.

மிஞ்சியதை ஃப்ளை என்ற அசெம்பிளரில் (ரீட்களைக் கோத்து ஜீனோமாக்கும் மென்பொருளில்) போடுங்கள். ஆழம் 100 மடங்குக்கு மேல் இருந்தால் நீளமான ரீட்களை மட்டும் வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வர வேண்டியது 12 லட்சம் பேஸ்வாக்கில் ஒரே வட்டம், பிளாஸ்மிட் எதுவும் கிடையாது. கூடவே வேறு கான்டிக்கும் (கோத்த துண்டும்) வந்தால் ஜிசி சதவீதம் (ஜி, சி எழுத்துகளின் பங்கு) பாருங்கள்: அனாபிளாஸ்மா 50ஐ ஒட்டி இருக்கும், மாடு 42, தைலேரியா அனுலேட்டா (உண்ணி பரப்பும் இன்னொரு ஒட்டுண்ணி) 32, 33. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் மாட்டில் தைலேரியாவும் சேர்ந்திருப்பது உண்டு, அதனால் 32இல் ஒரு கூட்டம் நின்றால் பயப்பட வேண்டாம், தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். 16எஸ் ஆர்ஆர்என்ஏ ஜீன் (ரைபோசோமுக்கானது) ஒன்றே ஒன்று, அதிலிருந்து விலகி வேறு இடத்தில் 23எஸ்ஸும் 5எஸ்ஸும் சேர்ந்து ஒரே ஜோடி. இரண்டு 16எஸ் வந்தால் அசெம்பிளி எங்கோ குழம்பியிருக்கிறது. அப்புறம் பிழை திருத்த (பாலிஷ் செய்ய) மெடாக்கா, இல்லுமினா இருந்தால் பாலிபாலிஷ், ஜீனோம் முழுமையா என்று பார்க்க புஸ்கோவில் ரிக்கெட்சியேல்ஸ் தொகுதி. இவை எல்லாம் வழக்கமான வேலை, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எம்எஸ்பி2, எம்எஸ்பி3: இங்கேதான் நிதானம் வேண்டும்

இந்த பாக்டீரியா மாட்டின் நோயெதிர்ப்பிடம் ஆயுள் முழுக்கப் பிடிபடாமல் இருப்பதற்குக் காரணம் வெளிச்சவ்வில் இருக்கும் எம்எஸ்பி2, எம்எஸ்பி3 புரதங்கள். எம்எஸ்பி2வை உற்பத்தி செய்யும் இடம் ஜீனோமில் ஒன்றுதான், எம்எஸ்பி3க்கும் ஒன்றுதான். ஆனால் இரண்டு முனையும் வெட்டப்பட்ட, தானாக வேலை செய்ய முடியாத போலி ஜீன்கள் பல ஜீனோம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஓரங்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நடுப்பகுதி மட்டும் வெவ்வேறு. பாக்டீரியா அந்த நடுப்பகுதியை முழுதாகவோ துண்டாகவோ உற்பத்தி இடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளும், மாடு பழைய முகத்துக்கு ஆன்டிபாடி செய்து முடிக்கும்போது புது முகத்தோடு அடுத்த அலை வந்துவிடும்.

உங்களுக்கு இதனால் என்ன தொல்லை? 150 பேஸ் ரீட் மட்டும் வைத்திருந்தால் ஒரே மாதிரி ஓரங்களில் அசெம்பிளர் வழிதெரியாமல் ஒவ்வொரு பிரதியிலும் முறித்துவிடும், அல்லது பலவற்றைச் சுருக்கி ஒன்றாக்கிவிடும். கான்டிக் உடைந்த இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் முனைகளில் இவைதான் இருக்கும். ஒரு பிரதியையும் அதன் இருபுற அக்கம்பக்கத்தையும் ஒரே ரீட் தாண்டினால்தான் தப்பிக்க முடியும்.

நீள ரீட் இருந்தும் உற்பத்தி இடத்தில் மட்டும் ரீட்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நிற்கும். அது பிழை கிடையாது, மாட்டுக்குள் ஒரே நேரத்தில் பல முகங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பாலிஷ் செய்யும் மென்பொருளுக்கு இது தெரியாது, எல்லாவற்றையும் சராசரி எடுத்து எந்த பாக்டீரியாவிலும் இல்லாத ஒரு வரிசையை எழுதிவைக்கும். அதனால் பாலிஷ் முடிந்த பிறகு அந்த இரண்டு இடத்தையும் ஐஜிவி என்ற ரீட் பார்க்கும் மென்பொருளில் திறந்து, இருபுறமும் தாண்டும் ரீட்களைத் தனியாக எடுத்து, நடுப்பகுதியை வைத்துக் குழுவாகப் பிரியுங்கள். பெரிய குழுவின் வரிசையை ஜீனோமில் வையுங்கள், மற்றவற்றைத் தனிக் கோப்பில் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் எந்தப் போலி ஜீனிலிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அதுவே தனிக் கட்டுரைக்குத் தேறும்.

அனொட்டேஷனுக்கு (ஜீன்களைக் குறிக்க) பாக்டா அல்லது பிகேப் மென்பொருள். இரண்டுமே போலி ஜீன்களை உடைந்த ஜீன் என்று ஒதுக்கும், சிலவற்றைப் பார்க்காமலே விட்டுவிடும். எம்எஸ்பி2, எம்எஸ்பி3 வரிசைகளைக் கொண்டு பிளாஸ்ட் (ஒத்த வரிசை தேடும் மென்பொருள்) ஓட்டி ஒவ்வொன்றாகக் கையால் குறியுங்கள். எம்எஸ்பி1ஏவின் திரும்பல் எண்ணிக்கையை ஜெல்லில் பார்த்த பட்டையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள், 84 முதல் 87 பேஸ்வரை வித்தியாசம் வந்தால் ஒரு திரும்பல் கூடியோ குறைந்தோ போயிருக்கிறது. இனம் சரிதானா என்பதை 16எஸ் வைத்து முடிவுசெய்யாதீர்கள், அனாபிளாஸ்மா சென்ட்ரேலும் இதுவும் அதில் ஏறக்குறைய ஒன்று. முழு ஜீனோமையே இரண்டோடும் ஒப்பிடுங்கள்.

பதிவேற்றும்போது மாட்டு ரீட்களை நீக்கிய கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், வெறும் அசெம்பிளி மட்டும் கொடுத்தால் எம்எஸ்பி2 பகுதியை யாரும் சரிபார்க்க முடியாது. இந்தியாவில் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் போடலாம். டிஎன்ஏவையோ ரத்தத்தையோ வெளிநாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் பாருங்கள், கூரியர் போட்ட பிறகு பார்ப்பதில் பயனில்லை. மாட்டின் இனம், வயது, மாவட்டம், எடுத்த தேதி, ஸ்மியரில் எண்ணிய சதவீதம், மருந்துக்கு முன்னா பின்னா என்ற விவரம், இவ்வளவும் பதிவில் இருக்கட்டும். மாட்டுக்காரரின் பெயரும் போன் நம்பரும் வேண்டாம்.